மூட்டைக்காக ஏன் அழுகிறாள்?

ஓவியத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி எமது புகலிடச் சூழலில் இன்னும் ஒரு விவாதப்பொருளாகவில்லை. பிரதி, வாசிப்பு, எடுத்துரைப்பு, அதிகாரம் என்று முப்பது வருடங்களாக எழுதித் தள்ளியிருக்கிறோம். எமது பிள்ளைகளோ இந்த நாடுகளின் வகுப்பறைகளில் ஒரு படத்தின் முன் உட்காரவைக்கப்பட்டு, இதில் என்ன கதை என்று கேட்கப்படுகிறார்கள். வாசிப்பு அரசியலின் முதற்பாடம் அங்கேதான் நடக்கிறது. அதை நாம் கவனித்ததில்லை. சித்திரபாடம் சோதனைக்கு உதவாத பாடம் என்ற யாழ்ப்பாணத்து எண்ணம் எங்களோடேயே விமானமேறி வந்துவிட்டது.

இந்தக் கற்பித்தல் முறைகளில் இன்று அதிகம் பேசப்படுவது நியூயோர்க் நவீன கலை நூதனசாலையோடு தொடர்புபட்டது. அதன் கல்விப்பிரிவை 1983 முதல் 1993 வரை வழிநடத்திய பிலிப் யெனவைனும் உளவியலாளரான அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கியது. 'விஷுவல் திங்கிங் ஸ்ட்ரற்றஜீஸ்' என்று பெயர். நூதனசாலை தரும் விளக்கவுரைகள் பார்வையாளர் மனதில் தங்குவதில்லை என்ற சங்கடமான கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த முறை இது. இதில் ஆசிரியரிடம் இருப்பவை மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? பிள்ளை சொல்வதை ஆசிரியர் படத்தில் தொட்டுக் காட்டுவார், வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார், முன்னர் இன்னொரு பிள்ளை சொன்னதோடு இணைப்பார். சரி, பிழை என்று சொல்லமாட்டார். ஓவியர் யார், எந்த ஆண்டு, தலைப்பு என்ன என்பவற்றையும் தானாகச் சொல்லமாட்டார்.

முதற்கேள்வி கதையைக் கேட்பது தற்செயலானதல்ல. ஓவியம் பார்ப்பவர்களின் வளர்ச்சியை ஹவுசன் ஐந்து படிநிலைகளாக வகுத்தார். முதற்படியில் நிற்பவர் கதைசொல்லி. கண்ணில் பட்டதைத் தன் அனுபவத்தோடு சேர்த்து ஒரு சம்பவமாக்கிவிடுவார். பிள்ளைகளும் பழக்கமில்லாத பெரியவர்களும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறது இந்த முறை. லண்டன் நஷனல் கலரி 1995இல் ஆரம்பித்த திட்டம் வேறுவகையானது. அது ஒரே ஒரு ஓவியத்தை எடுத்து, அதைச் சுற்றி ஆரம்பப் பாடசாலைகளைக் கதையும் கணக்கும் விஞ்ஞானமும் செய்யவைப்பது. ஆயினும் இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே நம்பிக்கை: படத்தை நிதானமாகப் பார்க்கவிட்டால் பிள்ளை தன் கதையைத் தானே கண்டெடுக்கும்.

இந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடவேண்டும். ஏனெனில் எமது பக்கத்தில் நாம் செய்வது என்ன? சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் 'படத்தைப் பார்த்து ஐந்து வசனம் எழுதுக' என்றால், அந்த ஐந்து வசனங்களும் ஆசிரியரின் கொப்பியில் ஏற்கெனவே இருக்கின்றன. அம்மா சமைக்கிறார், அப்பா பத்திரிகை வாசிக்கிறார். வீட்டில் அப்பா சமைப்பதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகூட அம்மா சமைக்கிறார் என்றே எழுதிப் புள்ளி வாங்கவேண்டும். நினைவுநாள் மண்டபங்களில் நடக்கும் ஓவியப் போட்டிகள் இதைவிட மோசம். யுத்தத்தை ஒருநாளும் காணாத பிள்ளைகள் ஹெலிகொப்ரர், தீ, தலைவிரி கோலமாக ஒரு தாய், கீழே சிவப்பு மை என்று கீறிக்கொடுக்கிறார்கள். ஒருவர் கீறியதை இன்னொருவர் பார்த்துக் கீறவில்லை. ஆனாலும் எல்லாம் ஒரே படம். கதை முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது. 'எதைக் கண்டு அப்படிச் சொல்கிறாய்?' என்ற கேள்வியை அந்த மண்டபத்தில் ஒரு பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். பிள்ளை பதில் சொல்லுமோ தெரியாது, கேட்டவர் யார் என்ற விசாரணை நிச்சயம் நடக்கும்.

ஆகவே எனது விமர்சனம் அந்த மூன்று கேள்விகளின் மீதல்ல, மூன்றோடு நிறுத்திக்கொள்வதன் மீது. இதை ஒரு ஓவியத்தை வைத்தே பேசலாம்.

பிளெமிஷ் ஓவியர் மூத்த பீற்றர் புரூகெல் 1565க்கும் 1567க்கும் இடைப்பட்ட காலத்தில் வரைந்த ஓவியம் ஒன்று பிரித்தானிய அரச சேகரிப்பில் இருக்கிறது. ஒரு பனிக்காலக் கிராமம். நடுவில் கவசமணிந்த குதிரைப்படை ஈட்டிகளை நிமிர்த்தியபடி நெருக்கமாக நிற்கிறது. காலாட்கள் கதவுகளை உடைக்கிறார்கள். ஒருவன் சுவரோரம் நின்று சிறுநீர் கழிக்கிறான். ஒரு பெண் மடியில் மூட்டையொன்றை வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி நிலத்தில் பரவிக்கிடக்கும் பன்றியிறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் முன்னால் நின்று கதறுகிறாள். சிப்பாய்கள் குவியலாகக் கிடக்கும் கால்நடைகளை ஈட்டியால் குத்துகிறார்கள். ஒருவன் வாத்தோ அன்னமோ ஒரு பறவையைப் பிடித்திருக்கிறான். அவன் முன்னால் ஒரு தம்பதி தமது மகளைக் காட்டி ஏதோ மன்றாடுகிறார்கள்.

இதை நான் கற்பிக்கும் சனிக்கிழமை வகுப்பில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். தலைப்பைச் சொல்லவில்லை. முறையின்படியே மூன்று கேள்விகளையும் கேட்டேன். ஆமிக்காரர் வந்து களவெடுக்கினம் என்று உடனே சொன்னார்கள். எதைக் கண்டு என்றதற்குக் கதவு உடைப்பதைக் காட்டினார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: "மூட்டைக்காக ஏன் இப்பிடி அழுறா? மூட்டை அவவிட்டத்தானே இருக்கு!" இன்னொருவன் பறவையின் பக்கம் போனான். "வாத்துக்குப் பதிலாப் பிள்ளையைக் குடுக்கப் போயினமோ?" வகுப்பு சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ளப் படத்துக்கு வெளியே போகவேண்டும். ஓவியத்தின் பெயர் 'அப்பாவிக் குழந்தைகளின் படுகொலை'. பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகளைக் கொல்லும்படி ஏரோது கட்டளையிட்டதாக மத்தேயுவின் சுவிசேஷம் சொல்லும் சம்பவத்தைப் புரூகெல் தனது காலத்துப் பிளெமிஷ் கிராமமொன்றுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது மூட்டையல்ல, இறந்த குழந்தை. இறைச்சி கிடக்குமிடத்தில் கிடந்ததும் குழந்தை. ஈட்டிமுனையில் இருந்தவை கால்நடைகள் அல்ல. அந்தத் தம்பதி, மகளை எடுத்துக்கொண்டு மகனை விட்டுவிடு என்று கேட்பதாகவே வாசிக்கப்படுகிறது. (ஏரோதின் கட்டளை ஆண்குழந்தைகளுக்கு மட்டுமானது. பெண்பிள்ளையை விலையாகக் கொடுக்க முன்வரும் இந்தப் பெற்றோரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். பெண்ணியம் பேசும் தோழிகள் எழுதவேண்டும்.)

ஓவியம் புனித ரோமானியப் பேரரசன் இரண்டாம் ருடோல்பின் பிராக் நகரச் சேகரிப்பைச் சேர்ந்தபின் குழந்தைகளின் மேல் ஒவ்வொன்றாக வர்ணம் பூசப்பட்டது. ஒன்று மூட்டையாயிற்று, ஒன்று பறவையாயிற்று, ஒன்று சாப்பாட்டுச் சாமானாயிற்று. படுகொலை கொள்ளையாயிற்று. கட்டியக்காரனின் அங்கியில் இருந்த பேரரசின் இரட்டைத்தலைக் கழுகும் மறைக்கப்பட்டது. எதை மறைத்தார்கள் என்பது எமக்குத் தெரியவருவது பெரும்பாலும் பிரதிகளால். புரூகெலின் மகன் இளைய பீற்றரும் அவரது பட்டறையும் இந்த ஓவியத்தைத் திரும்பத்திரும்பப் பிரதிசெய்தார்கள். வியன்னாவில் உள்ள பிரதியில் குழந்தைகள் குழந்தைகளாகவே கிடக்கிறார்கள்.

இப்பொழுது மூன்று கேள்விகளுக்குத் திரும்புவோம். 'என்ன நடக்கிறது?' என்ற முதற்கேள்வி, நடந்ததெல்லாம் சட்டத்துக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு எமது பிள்ளைகள் சொன்ன பதில், அதாவது கொள்ளை, மேற்பூச்சுப் பூசியவன் விரும்பிய அதே பதில். எவரும் சரி பிழை சொல்லாத வகுப்பறை அந்தப் பதிலை அன்போடு ஏற்றுத் திருப்பிச் சொல்லி அடுத்த பிள்ளையிடம் போய்விடும். நடுநிலை என்பது இங்கே யாருக்குச் சேவை செய்கிறது? நானூறு வருடங்களுக்கு முந்திய ஒரு தணிக்கையாளனுக்கு.

ஆனால் இரண்டாவது கேள்வி அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மூட்டையை மாற்றலாம், மூட்டையைச் சுற்றியுள்ள உடல்களை மாற்றுவது இலகுவல்ல. குனிந்த முதுகும், விரித்த கைகளும், மன்றாடும் முழங்கால்களும் அப்படியே இருந்தன. பொருளுக்கும் துயரத்துக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மையைப் பத்து வயதுப் பிள்ளை கண்ணால் கண்டது. எந்தக் கலைவரலாற்று நூலும் அதற்குத் தேவைப்படவில்லை. இது அந்த முறையின் பலம், அதை மறுக்கமுடியாது. எனினும் அவ்விடத்தில் ஆசிரியர் தொடர்ந்தும் வாய்மூடி இருந்தால் அந்தச் சிறுமியின் கேள்வி ஒரு குழந்தைத்தனமான வேடிக்கையாகக் கரைந்துபோயிருக்கும். அந்தக் கணத்தில்தான் வியன்னாப் பிரதியை மேசையில் வைக்கவேண்டும். நான் வைத்தேன். நாலாவது கேள்வியையும் கேட்டேன்: இதை யார் மாற்றியிருப்பார்கள், ஏன்?

இந்த முறையில் பயிற்சிபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். தகவல் வந்ததும் பிள்ளையின் கண் மூடிக்கொள்கிறது, அதன்பின் எல்லோரும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். தகவல் முதலில் வந்தால் அது உண்மை. பிள்ளை ஒரு முரணைக் கண்டு திகைத்து நிற்கும்போது வரும் தகவல் அப்படியல்ல. இரண்டாவது படத்தைக் கண்டதும் எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினார்கள்.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து உண்டு. எம்மவர் பலருக்கு அதுவே கவர்ச்சியானது. தணிக்கையைக் கண்டுபிடித்தவுடன் நாமே ஒரு கதையை மேலே பூசிவிடுவது. இந்த ஓவியம் ஸ்பானியத் தளபதி அல்பா பிரபுவின் கொடுமைகளுக்கு எதிரான கண்டனம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அல்பா பிரஸ்ஸல்ஸுக்கு வந்துசேர்ந்தது 1567 ஓகஸ்டில். ஓவியம் அதற்கு முன்னரே முடிந்திருக்கக்கூடும். புரூகெல் தன் காலத்துச் சிப்பாய்களின் உடையைக் கொலைகாரருக்கு அணிவித்தார் என்பது கண்ணுக்குத் தெரிவது. அதற்குமேல் அவர் வாயில் எமது சுலோகத்தைத் திணிப்பதும் ஒரு மேற்பூச்சுத்தான்.

படத்தில் இல்லாதது எல்லாம் தணிக்கையால் இல்லாமற் போனதும் அல்ல. இதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த ஓவியம் ஜேக்கப் லோரன்ஸினுடையது. அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றை 1940-41இல் 60 சிறு பலகைகளில் அவர் வரைந்தார். அப்போது இருபதுகளின் முற்பாதியில் இருந்தார். முதலில் ஒவ்வொரு பலகைக்குமான வசனத்தை எழுதினார். பின்னர் எல்லாப் பலகைகளையும் பரப்பி வைத்து ஒவ்வொரு நிறமாக அத்தனையிலும் பூசிக்கொண்டு போனார். கதை ஒரே மூச்சில் ஓடுவது அதனால்தான். இன்று இரட்டை இலக்கப் பலகைகள் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையிலும் ஒற்றை இலக்கப் பலகைகள் வாஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பிலும் இருக்கின்றன. ஒரு இடப்பெயர்வின் கதை தானே இரண்டு நகரங்களில் பிரிந்து கிடக்கிறது.

அதில் 15ஆம் பலகை, கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றதைப் பற்றியது. ஒரு மரக்கிளை, அதில் வெறும் சுருக்குக் கயிறு, கீழே சிவப்பு உடையில் குறுகிக் குந்தியிருக்கும் ஒரு உருவம். சடலம் இல்லை. எவரும் அதை அழிக்கவில்லை. லோரன்ஸே அதை வரையவில்லை. கொல்லப்பட்ட உடலைக் கூட்டம் கூடிப் புகைப்படமெடுத்துத் தபாலட்டையாக விற்ற ஒரு நாட்டில், அந்த உடலை இன்னொருமுறை காட்சிப்பொருளாக்க மறுக்கும் ஓவியம் இது என்பது என் வாசிப்பு. அவர் எழுதிய வசனத்தை மறைத்துவிட்டு 'என்ன நடக்கிறது?' என்று கேட்டால், யாரோ கவலையாக இருக்கிறார் என்ற பதில்தான் கிடைக்கும். இங்கே வசனம் ஓவியத்துக்கு வெளியேயிருந்து ஒட்டிய விளக்கமல்ல, ஓவியத்தின் பாதி.

ருடோல்பின் மூட்டையும் லோரன்ஸின் வெறுங்கயிறும்: இரண்டிலும் உடல் இல்லை. ஒன்று கொலையை மறைக்கிறது, மற்றது கொலையைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைப் பதினொரு வயதில் ஒரு பிள்ளை கண்ணால் கற்றுக்கொண்டால், 2009 மே மாதத்துப் படங்களை நாளை அது தானே தேடிப் பார்க்கும்போது, எந்தப் படத்தில் எது வெட்டப்பட்டது, எது வேண்டுமென்றே முன்னால் தள்ளப்பட்டது, யாரால் என்று கேட்கும். அரசின் படங்களிடமும் கேட்கும், எமது மண்டபச் சுவர்களில் தொங்கும் படங்களிடமும் கேட்கும். பாடசாலை நிர்வாகத்துக்கும் சில பெற்றோருக்கும் பிடிக்காதது இதில் இரண்டாவது பாதிதான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் வெளியே சொன்ன காரணம், சிறு பிள்ளைகளுக்குக் கொலைப் படம் காட்டலாமா என்பது. நியாயமான கேள்வி. ஆனால் நினைவுநாளில் ஆளுயரப் பதாகையில் சிதைந்த உடல்களின் முன் அதே பிள்ளைகளைப் பூத்தட்டோடு நிறுத்தியபோது இதை எவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

புரூகெலின் மேற்பூச்சு இன்றும் அகற்றப்படாமலே இருக்கிறது. அதை அகற்றலாமா கூடாதா என்று பிள்ளைகளை விவாதிக்கவிட்டேன். கீழே பிள்ளைகள் கிடக்கினம், எடுக்கத்தான் வேணும் என்றது ஒரு பகுதி. எடுத்தால் ராஜா செய்த வேலை ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும் என்றது மற்றப் பகுதி. மணி அடித்தபின்னும் முடியவில்லை. அடுத்த தவணைக்கு லோரன்ஸின் 15ஆம் பலகையை வைத்திருக்கிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதட்டும், பதில் எழுதுகிறேன்.