ஆடிக்காற்றும் ஃப்ரீ டிஷ்ஷும்

திருச்சியில் மொட்டை மாடி ஆன்டெனாவை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: அதில் இனிப் படம் வராது. கொடைக்கானல் பக்கம் திருப்பி, பூஸ்டர் மாட்டி தூர்தர்ஷன் பார்த்த காலம் போய்விட்டது. 2016-ல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கிய 16 நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான் உண்டு. காவிரிக்கரைக்காரர்களுக்குச் சந்தா இல்லாத டிவி வேண்டுமென்றால் டிடி ஃப்ரீ டிஷ்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று வந்ததும் இதுவே. டிஷ், எல்என்பி, செட்டாப் பாக்ஸ், வயர் எல்லாம் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். பெட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எம்பெக்-4 பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய எம்பெக்-2 பெட்டியில் புதிய முறைச் சேனல்கள் தெரியாது.

ஆடி தொடங்கி மார்கழி வரை ஸ்ரீரங்கத்து மாடியில் இதை வைத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியானது இது: இந்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் பெட்டியில் இல்லை, டிஷ்ஷைத் தாங்கும் இரும்புக் காலில் இருக்கிறது.

ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில். கிட்டத்தட்ட உச்சிக்குப் பக்கம். இதனால் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. ஸ்ரீரங்கம் கோயில் ராஜகோபுரம் மறைக்குமா என்று தெற்கு வாசல் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். 236 அடி உயரக் கோபுரமே ஆனாலும், அதன் வடமேற்கே தொண்ணூறு அடிக்குள் இருக்கும் மாடிக்குத்தான் மறைக்கும். சித்திரை வீதி, உத்திர வீதிக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தென்னை மாடியை ஒட்டியே நின்றால்தான் தொல்லை. ஆனால் தில்லைநகர் அடுக்குமாடிகளில் பால்கனிக்குள் டிஷ் வைக்க நினைப்பவர்களுக்கு இதே உயரம் எதிரி. மேல்மாடியின் தளம் வானத்தை மறைத்துவிடும். கம்பியை வெளியே நீட்டியாக வேண்டும், இல்லையென்றால் மாடிக்குப் போக வேண்டும்.

இப்போது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றுக்கு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் தடை எதுவும் இல்லை. தென்கிழக்கைப் பார்க்கும் டிஷ்ஷின் முதுகில்தான் அது அறைகிறது. காற்றுக்கு அது விரித்த குடை. அறுபது சென்டிமீட்டர் டிஷ் இரண்டு டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். பழைய ஆன்டெனா அசைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் வரும், ஆள் முகம் தெரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் இல்லை. கட்டம் கட்டமாக உடையும், உறையும், பிறகு கறுப்புத் திரை. கடையில் கொடுக்கும் மெல்லிய தகட்டுக் கால் இந்தக் காற்றுக்குச் செய்ததே அல்ல. அதை வாங்காதீர்கள். கனமான குழாயை வெல்டிங் பட்டறையில் அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். திசை சரியானதும் குழாயிலும் கிளாம்பிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், நகர்ந்ததா என்று அடுத்த முறை பார்த்ததுமே தெரிந்துவிடும். பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸில் துளை போடவே கூடாது, மழைக்கு ஒழுகும். இரும்புச் சட்டத்தின் மேல் ஹாலோ பிளாக் அடுக்கிப் பாரம் கொடுத்தால் போதும்.

மழையில் சிக்னல் போகாமலிருக்க 90 சென்டிமீட்டர் டிஷ் போடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. பரப்பு இரண்டேகால் மடங்கு, காற்று தள்ளுவதும் அவ்வளவே. குறி இன்னும் நுட்பமாக இருக்க வேண்டும். ஐப்பசியில் கனமழை கொட்டும்போது சில நிமிடம் படம் போகட்டும், தானே வந்துவிடும். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் டிஷ்ஷைத் திருப்புவதுதான் பெரிய கெடுதல். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் காலை பதினொரு மணிவாக்கில் படம் தடுமாறினால் அதற்கும் பயப்பட வேண்டாம். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது.

சேனல் பட்டியலில் இந்தியே பெரும்பங்கு. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். இடங்கள் ஏலத்தில் போகின்றன. கேபிளிலும் கட்டண டிஷ்ஷிலும் சந்தா கிடைக்கும் பெரிய தமிழ்ச் சேனல்களுக்கு இங்கே வரத் தேவை இல்லை. சன், விஜய், ஜீ தமிழ் தொடர்கள் வேண்டும் என்கிற வீட்டில் கேபிளை வெட்டாதீர்கள், சண்டைதான் வரும். 2024-ல் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் இருக்கிறது. திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரலையில் பார்க்க அது ஒன்றே எனக்குப் போதும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொன்று உண்டு. 2007-ல் வந்த சட்டப்படி இந்திய அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்த வழிகளில் மட்டுமே போகலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கேபிள் வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தாலும் அதில் ஆட்டம் வராது. ஃப்ரீ டிஷ்ஷில் முழுதாக வரும், காசில்லாமல். ஐபிஎல் இதில் சேராது.