இஞ்சின் இறக்குமுன்

பழைய லாரியொன்று விடியற்காலையில் எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்ப மறுப்பதையும், அதே லாரி நண்பகலில் முதல் உந்தலிலேயே உயிர்பெற்று நிற்பதையும் கண்டு அதன் உரிமையாளர் வியப்படையலாம்; நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பட்டறைகளில் முப்பது நாற்பது ஆண்டுகள் கை கறுத்த மெக்கானிக்குகளோ, இதில் வியக்க ஏதுமில்லை என்பார்கள். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குவதனால் பிறக்கும் உஷ்ணமே டீசலைக் கொளுத்துகிறது. ரிங்குகளும் சிலிண்டரின் சுவரும் தேய்ந்துபோன இஞ்சினில், நெருக்கப்படவேண்டிய காற்றில் ஒரு பகுதி கீழே கசிந்துவிட, எஞ்சிய உஷ்ணத்தையும் இரவெல்லாம் குளிர்ந்துகிடந்த இரும்பு பறித்துக்கொள்கிறது. மதியத்தில் இரும்பு சூடாக இருப்பதால் அந்தக் குறை மறைந்துவிடுகிறது. ஆகையால் காலையில் படும் பாடு என்பது நோயின் முதல் அறிகுறி.

அறிகுறியிலிருந்து நோய்க்குச் செல்லும் வழியில் நம் பட்டறைக்காரர்கள் காட்டும் திறமையை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கே உள்ளங்கையை வைத்து, கீழிருந்து எழும் ஆவி எவ்வளவு வேகத்தில் கையைத் தள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரை நிறுத்தியபோது ஓட்டத்தின் ஒலி மாறவில்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர் என்று கண்டுகொள்கிறார்கள். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினின் உடம்பில் ஊன்றிப் பிடியைச் செவியோடு ஒட்டி, ராடு தட்டும் கனத்த ஓசையையும் டேப்பட்டின் மெல்லிய ஓசையையும் பிரித்து அறிகிறார்கள். நீலப்புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுந்துவிட்டது. வெண்புகை நீங்காமல் நின்றால் தண்ணீர் புகுந்திருக்கலாம், அல்லது டீசல் எரியாமலே வெளியேறலாம். "அண்ணாச்சி, மூணாவது சிலிண்டர்லதான் கேடு, மத்ததெல்லாம் நல்லாதான் இருக்கு" என்று அவர்கள் சொன்னால், திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஒரு யந்திர சாஸ்திரப் புத்தகத்தையும் படியாத ஒருவரிடம் இத்தகைய ஞானம் அமைந்திருப்பதைச் சாதாரண விஷயமாகக் கருதலாகாது.

இந்த ஞானம் நம் நாட்டில் வேரூன்றியதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இன்றைய குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது; 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அந்தச் சமஸ்தானம் 1938இலேயே அரசாங்கப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியபோது, பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சின் பொருத்திய சேஸிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. பின்னர் 1954இல் டாட்டா நிறுவனம் ஜெர்மானிய பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்ததும், மறு ஆண்டில் சென்னையின் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியதும், வார்ப்பிரும்பால் கனமாகச் செய்த, எத்தனை முறை பிரித்தாலும் கூட்டத்தக்க இஞ்சின்களை நம் சாலைகளுக்குக் கொண்டுவந்தன. சென்னைச் செம்பியத்தில் 1949இல் தோன்றிய இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற தொழிற்சாலைகளின் உதிரிப்பாகங்கள் சிற்றூர்க் கடை வரைக்கும் கிடைக்கலாயின. தேய்ந்ததைத் தூக்கி எறியாமல், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடலாம். அதுவும் தேய்ந்தால் உள்ளே புதிய ஸ்லீவ் இறக்கலாம். கிராங்க் தண்டைச் சாணை பிடித்து, அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30 என்று பட்டறைக்காரர் சொல்லும் படிகளில் தடித்த பேரிங் மெட்டல் போடலாம். ஒரே இரும்பு மூன்று நான்கு பிறவி எடுக்கும்படி அமைந்த இந்தச் சிக்கனம், ஏழை நாட்டுக்கு உண்மையிலேயே பெரிய வரப்பிரசாதம்.

ஆயினும் என் மனத்தை நெடுநாளாக உறுத்திவரும் குறை ஒன்று உண்டு. நோயைக் கண்டுபிடிக்கும் காரியத்தில் செவியும் விரலும் பெற்ற வெற்றியினால் மயங்கி, இஞ்சினைக் கூட்டும் காரியத்திலும் அவற்றையே நம்பிவிடுகிறார்கள். மயிலாடிச் சிற்பிகளை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் தட்டிப்பார்த்து, எழும் ஒலியைக் கொண்டே உள்ளே ஓடும் வெடிப்பை அறிகிறார்கள். ஆனால் அந்தக் கல்லில் திருமேனி வடிக்க உட்கார்ந்த பிறகு, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாலமானப்படி நூல் பிடித்து அளக்காமல் உளியை வைப்பதில்லை. அவர்கள் பிரித்துவைத்த எல்லை, சில மைல்களுக்கு இப்பால் உள்ள லாரிப் பட்டறையில் அழிந்துபோயிற்று. இத்தனைக்கும் டாட்டாவின் பழைய இஞ்சின் ஒன்றின் பெயரே 697. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் வாயும் 97 மில்லிமீட்டர் என்பது அதன் பொருள். பெயரிலேயே அளவைத் தாங்கி நிற்கும் யந்திரத்தை அளக்காமல் கூட்டுவதை என்னவென்று சொல்வது!

சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில், ஆயில் படலம் மெலிந்து, எரியும் வாயுவின் அழுத்தம் மேல்ரிங்கைச் சுவரோடு நெருக்குவதனால், அங்கேதான் தேய்மானம் மிகுதி. அதற்கும் மேலே ரிங் தொடாத பகுதி தேயாமல் நின்று, விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பாகிவிடுகிறது. தவிர, ராடு பிஸ்டனைப் பக்கவாட்டில் தள்ளுவதனால் வட்டம் நீள்வட்டமாகிறது. செலவுக்கு அஞ்சி "ரிங் மட்டும் மாத்தினா போதும்" என்று முடிவு செய்யும்போது, விளிம்பை அகற்றாவிட்டால் புதிய ரிங் அதில் மோதி உடைகிறது. உடையாவிட்டாலும் வட்டமான ரிங் நீள்வட்டச் சுவரில் பொருந்துவதில்லை. கணக்கும் எளிதே. சிலிண்டரின் விட்டம் மேலே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு விரிந்திருந்தால், ரிங்கின் வாய் அங்கே சுமார் 31 பங்கு கூடுதலாகத் திறக்கும்; கீழே 15 என்று சரிபார்த்து விட்ட இடைவெளி மேலே 46 ஆகிவிடும். பிஸ்டனின் ஒவ்வொரு ஏற்றத்திலும் திறந்து, ஒவ்வோர் இறக்கத்திலும் மூடி அந்த ரிங் எத்தனை நாள் தாங்கும்? இந்த வேற்றுமையை எந்த அநுபவசாலியின் விரலாலும் எண்ணிச் சொல்ல இயலாது. டயல் வைத்த போர் கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கி, மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், நேராகவும் குறுக்காகவும் அளந்தால் கால் மணி நேரத்தில் விடை கிடைக்கும்.

வேறு சில குறைகளும் உள. போர் அடித்து ஹோனிங் செய்த பிளாக்கை டீசலால் கழுவுகிறார்கள். டீசல் பிசுக்கை எடுக்குமே தவிர, சாணைக்கல்லின் நுண்துகளை எடுக்காது. சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறாமல் போகும் வரையில் கழுவவேண்டும். கிராங்க் தண்டைச் சாணை பிடிக்கையில் ஜர்னலின் ஓரத்து வளைவைக் கூர்மூலையாக்கிவிட்டால், தண்டு அங்கேதான் ஒருநாள் முறியும். வெப்பநாடு என்ற காரணத்தைச் சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது எல்லாவற்றிலும் பரிதாபமானது. தண்ணீர் தக்க சூட்டை அடையாத இஞ்சினில், டீசலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலம் சிலிண்டர்ச் சுவரில் படிந்து அரிக்கிறது. இஞ்சினைக் காப்பதாக எண்ணி அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, தேய்ந்ததற்குக் காரணம் என்ன என்று வினவாமல் தேய்ந்ததை மாற்றிவிடுவது. என் மைத்துனரின் லாரி செண்பகராமன்புதூர்ச் சூளைகளிலிருந்து கேரளத்துக்குச் செங்கல் ஏற்றிச் செல்லும். நான்கு ஆண்டுகளில் அதன் இஞ்சின் இரண்டு முறை இறங்கியது; இரண்டு முறையும் ரிங் சரியில்லை, கம்பெனி மாற்றிப் போடலாம் என்றே சொன்னார்கள். மூன்றாம் முறை வேறொரு பட்டறையின் முதியவரிடம் சென்றோம். அவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால், ஏர் ஃபில்டருக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை ஓட்டினார். விரல் செக்கச்செவேலென்று வந்தது. கிளிப்பின் அடியில், வெளியே தெரியாதபடி, குழாய் வெடித்திருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி ஆடியில் புகுந்து முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, சூளையின் செம்புழுதியையும் வாரிக்கொண்டு வீசுகிறது. அந்தப் புழுதியை வடிகட்டாமல் குடித்த இஞ்சின் எப்படி நிலைக்கும்? சில நூறு ரூபாய்க் குழாய்க்காக இரண்டு முறை இஞ்சின் வேலை செய்த செலவை என் மைத்துனர் இன்னும் வட்டியோடு கட்டிவருகிறார்.

பட்டறைக்காரரை மட்டும் குற்றம் கூறுவது நியாயமன்று. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில், தேய்ந்த இஞ்சினை இறக்கிவைத்து, முன்பே செப்பனிட்டுத் தயாராயிருக்கும் இன்னொன்றை ஏற்றி, பஸ்ஸை அனுப்பிவிட்டுப் பழையதை நிதானமாக ஆராயலாம். ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது? வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணைப் பணம் தலைமேல் ஏறுகிறது, "நாளைக்கு வண்டி கிடைக்குமா?" என்ற ஒரே கேள்வியோடு அவர் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அளப்பதற்கு வேண்டிய அவகாசத்தை மெக்கானிக்கிடமிருந்து பறிப்பவர் பல வேளைகளில் அவரே. நாகர்கோவில் கோணத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் அளவுக் கருவியைப் பிடிக்கக் கற்ற இளைஞர்கள் பட்டறைக்கு வந்தால், அங்கே அந்தக் கருவி பூட்டிய பெட்டியில் கிடக்கிறது.

அந்த முதியவரின் பட்டறையில் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். போர் அடிக்கும் லேத் பட்டறையிலிருந்து மைத்துனரின் லாரி பிளாக் திரும்பி வந்தபோது, ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் அதன் பக்கத்தில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது. இஞ்சினைக் கூட்டுமுன் கழுவும்போது அந்த எண்களும் கழுவப்பட்டு ஓடின. அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, தம் பேத்தியின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, அளவுகளையும், வண்டி ஓடத் தொடங்கியபின் ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் பட்டறைப் பையனைக் கொண்டு எழுதச் செய்தார்.

பதினான்கு மாதம் கழித்து அதே லாரி கரும்புகை கக்கிக்கொண்டு வந்தது. மைத்துனரின் முகம் வெளிறிப்போயிருந்தது. முதியவர் முதலில் செவியால் கேட்டார். பின்னர் கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்து எண்களைச் சொல்ல, பையன் நோட்டைப் பிரித்துப் பழைய எண்களோடு ஒப்பிட்டு வாசித்தான். ஆறிலும் வேற்றுமை அற்பம். "இஞ்சின இறக்க வேண்டாம், நாசில் ஒழுகுது" என்று சொல்லி, இன்ஜெக்டர்களை மட்டும் கழற்றி, பீச்சும் விதத்தைச் சோதித்து, இரண்டு நாசில்களை மாற்றினார். அன்று மாலையே வண்டி செங்கல் ஏற்றக் கிளம்பியது.