ஒரு நொதியும் இரு வினாக்களும்: சிறுநீரகப் புற்றுநோயில் சி.ஏ.9 குறித்த ஒரு மதிப்பீடு

சிறுநீரகப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது தெளிந்த உயிரணு வகையாகும். இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். மரபணு செயலிழந்துள்ளது. அதனால், ஆக்சிஜன் குறையும்போது மட்டும் இயங்க வேண்டிய எச்.ஐ.எஃப். புரதம் ஓயாது இயங்கி, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9 என்னும் நொதியை மிகுவிக்கிறது. சுருக்கமாக சி.ஏ.9 எனப்படும் இந்நொதி இயல்பான சிறுநீரகத் திசுவில் காணப்படுவதில்லை. எனவே, நோயின் போக்கை முன்னறிவிக்கும் குறியாக இது பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. அவ்வெதிர்பார்ப்பு எந்த அளவு நிறைவேறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2003இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 321 நோயாளிகளின் கட்டித் திசுக்களைச் சோதித்தனர். 85 விழுக்காட்டிற்கு மிகாத உயிரணுக்களில் மட்டும் நொதி தென்பட்டோர், குறிப்பாக நோய் பரவிய நிலையில் இருந்தோர், குறைந்த காலமே வாழ்ந்தனர். பிற புற்றுநோய்கள் பலவற்றில் இந்நொதி மிகுதலே தீய அறிகுறி. இங்கோ குறைதல் தீய அறிகுறியாயிற்று. ஆயினும், 85 என்னும் எல்லை உயிரியல் கோட்பாட்டிலிருந்து பிறந்ததன்று. அந்நோயாளிகளின் வாழ்நாள் தரவிலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டது. ஒரு தரவிலிருந்து வகுத்த எல்லை அத்தரவிற்குப் பொருந்துவதில் வியப்பில்லை. பிறிதொரு குழுவிலும் அது நிலைக்கிறதா என்பதே உண்மையான சோதனை.

அச்சோதனையை 2007இல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 730 நோயாளிகளிடம் நிகழ்த்தினர். தனித்து நோக்கியபோது, நொதி குறைந்தோரிடம் இறப்பு மிகுந்திருந்தது. உயிரணுக்கருவின் தரநிலையையும் திசு நசிவையும் கணக்கில் கொண்டதும் அத்தொடர்பு மறைந்தது. நோய்க்குறியியலர் வழக்கமான நுண்ணோக்கிச் சோதனையில் அறிந்ததற்கு மேலாக இந்நொதி எதையும் கூறவில்லை என்பதே இதன் பொருள். குறியொன்றின் தகுதி, அது நோயோடு தொடர்புடையதா என்பதில் இல்லை. முன்பே அறிந்தவற்றோடு எதைக் கூட்டுகிறது என்பதிலேயே உள்ளது.

இரண்டாவது வினா சிகிச்சை பற்றியது. நொதி மிகுந்தோர்க்கு இன்டர்லூக்கின்-2 மருந்து கூடுதலாகப் பயன்படும் என, நடந்து முடிந்த சிகிச்சைகளைப் பின்னோக்கிய ஆய்வொன்று 2005இல் கருதியது. முன்திட்டமிட்டு 120 நோயாளிகளிடம் நிகழ்த்தப்பெற்று 2015இல் வெளியான செலக்ட் ஆய்வு அக்கருத்தை உறுதிப்படுத்தவில்லை.

நோய் எப்படிச் செல்லும், எம்மருந்து பயன்படும் என்னும் இவ்விரு வினாக்களையும் ‘முன்கணிப்பு’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் தமிழில் உண்டு. இது சொற்குறை மட்டுமன்று. நோய் விரைந்து முற்றும் என்பதைக் காட்டும் ஒரு குறியை, மருந்து பயன்தராது என்பதன் சான்றாக ஒருவர் பிழைபடக் கொண்டால், பெறத்தக்க சிகிச்சையை நோயாளி இழக்க நேரும். முன்னதை ‘நோய்ப்போக்குக் குறி’ என்றும், பின்னதை ‘சிகிச்சைப்பயன் குறி’ என்றும் பிரித்து வழங்குதல் தகும்.

சி.ஏ.9 பயனற்றதென்பது இக்கட்டுரையின் முடிபன்று. கட்டியின் வகையை அறியவும், கட்டியைப் படிமத்தில் காணவும் அது துணைபுரிகிறது. ஆயின், ஒரு நோயாளியின் எஞ்சிய வாழ்நாளை அதனைக் கொண்டு மட்டும் உரைக்க, இதுவரை கிடைத்த சான்றுகள் இடந்தரவில்லை.