குகைக்குத் திரும்பிய மூவர்

எகிப்திய நாடகாசிரியர் தௌபீக்குல் ஹகீம் 1933-இல் வெளியிட்ட ‘அஹ்லுல் கஹ்ஃபு’, 1935-இல் மேடையேறியபோது போதிய வரவேற்பைப் பெறவில்லை. பேச்சு மிகுதி, நிகழ்ச்சி குறைவு என்றனர். மறுப்பதற்கில்லை. எனினும், குகைவாசிகள் மீண்டும் குகை புகும் வரிசையை நோக்க வேண்டும். முந்நூறு ஆண்டுகள் கழிந்ததை முதலில் உணர்பவன், ஆடுகளையன்றி வேறு உறவறியா இடையன் யம்லீகா. அடுத்தவன் மர்னூஷ், தன் மகன் முதுமையெய்தி மாண்டதை அறிந்த பின்பே திரும்புகிறான். மிஷ்லீனியாவோ, தான் காதலித்த பிரிஸ்காவின் பெயரும் முகமும் கொண்ட வேறொருத்தி எதிரே நிற்கையில் காலத்தை எங்ஙனம் நம்புவான்? பற்றின் வன்மைக்கேற்பத் தாமதம்! இதனினும் நிகழ்ச்சி வேண்டுமோ?

ஆனால், திருமறையில் அவ்வுறக்கமும் எழுச்சியும் மறுமைக்குச் சான்று. ஹகீமிடமோ காலத்திடம் மனிதன் தோற்கும் துன்பியல். இறுதியில் பிரிஸ்காவும் குகையினுள் தங்கிவிடுகிறாள். அழகிய காட்சிதான், மூலத்தை ஓதியவர் நெஞ்சில் அவ்விடம் உறுத்தவே செய்யும்.