ஹில்மா ஆஃப் கிளிண்ட்: எதிர்காலத்திற்கான ஓவியங்கள் (கண்காட்சி)

ஹில்மா ஆஃப் கிளிண்ட் (1862–1944) சுவீடனைச் சேர்ந்த ஓவியர். அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். இவரது படைப்புகளின் மீள்பார்வைக் கண்காட்சி, நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை நடைபெற்றது. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனைக் கண்டனர்.

பின்னணி

ஸ்டாக்ஹோமின் அரச கலைக்கழகத்தில் பயின்ற ஹில்மா, நிலக்காட்சிகளையும் உருவப்படங்களையும் வரைந்து வாழ்க்கை நடத்தினார். சென்னை அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். 1906 முதல் 1915 வரை, இடையில் சில ஆண்டுகள் நிறுத்தி, ‘ஆலயத்திற்கான ஓவியங்கள்’ என்ற 193 ஓவியங்களைப் படைத்தார். தம் மறைவுக்குப் பின் 20 ஆண்டுகள் இவற்றை வெளியே காட்டக்கூடாது எனக் குறித்துவைத்தார்.

ஓவியங்கள்

1907-இல் வரைந்த ‘பத்துப் பெரும் ஓவியங்கள்’ குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வாழ்வின் நிலைகளைக் கூறுபவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். நீலத்தில் தொடங்கும் வரிசை, ஆரஞ்சு, ஊதா வழியாக முதுமையின் வெளிறிய இளஞ்சிவப்பில் அடங்குகிறது. இளமையில் சுழன்று நெருங்கும் வடிவங்கள் முதுமையில் குறைந்து ஒழுங்கு பெறுகின்றன. பொருள் தெரியாதவரும் இம்மாற்றத்தை உணர முடியும்.

‘அன்னம்’ வரிசையின் முதல் ஓவியத்தில் கருமையில் ஒரு வெள்ளை அன்னமும் வெண்மையில் ஒரு கரிய அன்னமும் அலகு தொட்டு நிற்கின்றன. அடுத்தடுத்த ஓவியங்களில் பறவைகள் கரைந்து வட்டங்களாகின்றன. உருவத்திலிருந்து அரூபத்துக்குச் செல்லும் பாதையை ஒரே வரிசையில் காட்டுவது இதன் சிறப்பு.

மதிப்பீடு

ஹில்மா தம் ஓவியங்களுக்குச் சுருள் வடிவ ஆலயம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தார். குகன்ஹைம் கட்டடமும் சுருள்பாதை கொண்டதே. இப்பொருத்தம் கண்காட்சிக்குப் பெரும் வலிமை சேர்த்தது. ஆனால் ஆலயத்தில் அமர்ந்து தியானிக்க வேண்டியவற்றை, கூட்டத்தோடு நடந்தபடி பார்க்க நேர்ந்தது ஒரு முரண்.

காண்டின்ஸ்கிக்கு முன்பே அரூப ஓவியம் வரைந்தவர் என்பதே இவரைப் பற்றி அதிகம் பேசப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் அரூபக் கலையின் தோற்றம் குறித்து நடத்திய கண்காட்சியில் இவருக்கு இடமில்லை. அந்த விடுபடலுக்கு இது தக்க பதில். எனினும், யார் முதலில் என்ற போட்டி இவரை முழுமையாக விளக்காது. நான்கு தோழியருடன் ‘ஐவர்’ என்ற குழுவாக ஆவியுலகச் செய்திகளைத் தேடியவர் அவர்; தம் தூரிகையை உயர்சக்திகள் வழிநடத்துவதாகவும் நம்பினார். அந்த நம்பிக்கையை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒதுக்கிவிட்டு வடிவங்களை மட்டும் புகழ்வது பாதி வாசிப்பே. அவரது குறிப்பேடுகளையும் ஓவியங்களுடன் வைத்தது இக்கண்காட்சியின் நேர்மை.