நகைக்கடன்: தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும்

கும்பகோணத்துக் கோயில்களைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சம்பந்தி வழி உறவினர் ஒருவர், கடைத்தெரு வங்கியில் தொங்கிய 'விவசாய நகைக்கடன்' பலகையைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊரில இதுக்கு அடைவு எண்டுதான் பேர். நீங்கள் அடைவு வைச்சுப்போட்டு விவசாயம் எண்டு சொல்லுறியள்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும் என்று தெரிந்ததுமே இங்கே சொசைட்டியிலும் வங்கியிலும் கூட்டம் சேர்ந்துவிடும். உழவு, விதைநெல், நடவுக் கூலி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அப்ரைசர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழு இழுப்பார். அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுவார். கல் பதித்த இடத்துக்குக் கழிவு போட்டு எடையை எழுதுவார். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு கொடியைக் கொடுத்த அம்மா, பையைக் கட்டி முத்திரை வைக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியதும் கொடி வீட்டுக்கு வந்துவிடும். பயிரோடு போய்ப் பயிரோடு திரும்பும் கடனை விவசாயக் கடன் என்று சொல்வதில் என்ன தப்பு?

சட்டமும் எங்களுக்குத் துணை நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 176ஆம் பிரிவில், ஈடு பிடித்தவர் தகுந்த முன்னறிவிப்பு கொடுத்தே பொருளை விற்கலாம் என்கிறது. தவணை தப்பினாலும், பொருள் விற்றுப் போகும்வரை மீட்கும் உரிமை உண்டு என்பது 177ஆம் பிரிவு. இலங்கையில் பொதுச் சட்டத்துக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். வங்கித்தொழிலுக்கோ 1852ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இங்கிலாந்துச் சட்டத்தையே கைகாட்டுகிறது. யாழ்ப்பாணத்தாருக்கு இவற்றோடு தேசவழமைச் சட்டமும் உண்டு. அதில் வரும் ஒற்றியைப் பற்றி உறவினர் சொன்னபோது, நிலத்தின் விளைச்சலே வட்டிக்கு ஈடாகும் எங்கள் போக்கியம்தான் நினைவுக்கு வந்தது.

நிலம் என்று வந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை விற்கும் அதிகாரத்தை அங்கே வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் கொடுத்தது. அங்குள்ளவர்கள் இதைப் 'பராட்டே' என்கிறார்கள். பொருளாதார நெருக்கடிக்குப் பின் எழுந்த எதிர்ப்பால் 2024இல் அதைத் தற்காலிகமாக நிறுத்தவேண்டி வந்தது. இங்கும் 2002இல் சர்பாசி சட்டம் அதே அதிகாரத்தைக் கொடுத்தது. ஆனால் அதன் 31ஆம் பிரிவு விவசாய நிலத்தைத் தொடவிடவில்லை. காவிரிக்கரையில் வயலை வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு!

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிராமத்து மக்களுக்கென்று மக்கள் வங்கியை இலங்கை 1961இலேயே தொடங்கிவிட்டது. இங்கே 14 வங்கிகள் நாட்டுடைமையானது 1969இல்தான். ஆனாலும் 1939இல் இலங்கை வங்கி பிறக்க வழிகாட்டிய 1934ஆம் ஆண்டு வங்கி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பம்பாயின் சொராப்ஜி போச்கானாவாலா. எங்கள் கும்பகோணமோ யாருடைய ஆணைக்குழுவுக்கும் காத்திருக்கவில்லை. 1904இலேயே உள்ளூர்ப் பணத்தில் கும்பகோணம் வங்கியைத் தொடங்கியது. அதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்து ஊர்ப் பணம் போனபோது, அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி உருவாக முன்னின்ற வி. கிருஷ்ணசாமி ஐயரும் கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் பிறந்தவர்தான்.

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் விதிகளுக்கு ஒரு வரைவு வெளியிட்டது. அடகு வைக்கும் நகை தன்னுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டது அது. பாட்டி போட்ட அட்டிகைக்கு ரசீது ஏது? தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூனில் வந்த இறுதி விதிகளில், ரசீது இல்லாதவர் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்றானது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். கடனை அடைத்த 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வராமல் தவறு வங்கியுடையது என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 வரை வங்கிகளுக்குக் கெடு கொடுத்தார்கள்.

கழுத்து நகையை நம்பிப் பயிர் வைக்கும் மக்களின் வழக்கத்துக்கு மும்பையில் விதி எழுதுகிறவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த மக்களில் ஒருவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.