அழகு ஊசியும் இரணவைத்தியமும்

தோலின் சுருக்கத்தை நிரப்பும் ஊசிக்கு விளம்பர உலகம் இட்ட பெயர் ‘பில்லர்’. ‘நிரப்பி’ என்று தமிழில் சொல்லிவிட்டால் எதைக் கொண்டு, எங்கே, யார் நிரப்புகிறார் என்ற வினாக்கள் உடனே எழும். அதனாற்றான் போலும் அச்சொல் தமிழாவதில்லை. கைத்தொலைபேசி வழியே நமது பெண்களை வந்தடையும் இவ்விளம்பரங்களை ஓர் இலக்கிய வகையாகவே கொண்டு நோக்குகின்றோம். நமது கவிதைகளிலும் இவற்றுக்கு வாசகர் அதிகம்.

இவ்விலக்கியத்தின் உயிர்ச்சொல் ‘இயற்கை’. ஐயலூரோனிக் அமிலம் நமது தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் உண்டு என்பது மெய்யே. 1934இல் மேயர், பாமர் என்னும் இருவர் அதனை மாட்டுக் கண்ணிலிருந்தே பிரித்தெடுத்தனர். உடலில் அது ஓரிரு நாளிற் சிதைந்து புதிதாக உண்டாவது. ஊசியில் வருவதோ, பெரும்பாலும் பற்றீரியாவைக் கொண்டு தொழிற்சாலையில் ஆக்கி, விரைவிற் கரையாதபடி இரசாயனத்தாற் பிணைத்த கூழ். பிணைப்பு இல்லையேல் சரக்கே இல்லை. விளம்பரத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. பல மாதங்கள் கழிய அக்கூழும் கரையும். வாங்கியவள் மறுபடியும் பணத்தோடு வரவேண்டும்.

‘ஆபத்தற்றது’ என்பது அடுத்த சொல். கூழ் குருதிக்குழாயினுட் புகுந்தால் குழாய் அடைபட்டுத் தோல் இறக்கும். மூக்கிலும் புருவ நடுவிலும் உள்ள குழாய்கள் கண்ணின் குழாய்களோடு தொடர்புடையன. பார்வை இழந்தோரும் உளர். கூழைக் கரைக்கும் நொதியத்தை உடனே செலுத்தினால் தோலைப் பெரும்பாலும் காக்கலாம். கண் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. 1899இல் வியன்னாவில் கெர்சுனி என்னும் வைத்தியர் வசலீனை உடலுள் ஏற்றினார். தொடர்ந்து பரவிய மெழுகு ஊசிகள் கட்டிகளாகத் திரண்டு எத்தனையோ முகங்களைச் சிதைத்தன. அன்றும் அழகென்றே விற்றார்கள்.

முகத்தை விலைபேசும் கலியாணச் சந்தையை விட்டுவிட்டு ஊசி போடச் சென்ற பெண்ணைப் பழிப்போரோடு நமக்கு உடன்பாடில்லை. அவளுக்கு மறுக்கப்பட்டது அறிவு.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்று ‘இரணவைத்தியம்’ என்று 1867இல் தமிழில் வந்தது. அவர் சமயம் பரப்ப வந்தவர். அது வேறு கதை. கத்தியின் வேலையைச் சொல்ல அன்று தமிழ் போதுமாயிருந்தது. ஊசியின் வேலையைச் சொல்ல இன்று போதாதா?

விஞ்ஞான ஆசிரியர்கள் தோலின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது குருதிக்குழாய்களையும் வரைந்து, அருகே இவ்விளம்பரம் ஒன்றை ஒட்டிவைக்கலாம். ஊசி ஏற்றுபவர் இலங்கை மருத்துவ சபையிற் பதிந்தவரா, கரைக்கும் நொதியம் அவ்வறையில் உண்டா என்று மாணவிகள் தாமே கேட்பர்.